‘கன்சிக்யூட்டிவ்’ என்றால் ஐந்து அல்ல

போன மாதம் உங்கள் பயிற்சி அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போனேனே, அந்த ஆள்தான் எழுதுகிறேன். உடம்பு சரியில்லை என்று உங்கள் மேனேஜரிடம் சொன்னது பொய். எரிச்சலில் போனேன். இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால் உங்களில் யாரையாவது திட்டியிருப்பேன். தரக் கட்டுப்பாட்டு வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆனவர்களை, ஓய்வு பெற்ற ஒருவன் வெளியிலிருந்து வந்து திட்டிவிட்டுப் போவது நன்றாக இருக்காது. எழுதினால் நீங்கள் பொறுமையாகப் படிக்கலாம், பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடலாம்.

நான் கேட்டது சின்னக் கேள்வி. ‘செக் ஃபைவ் கன்சிக்யூட்டிவ் பீசஸ் எவரி ஹவர்’ என்று போர்டில் எழுதினேன். இதில் கன்சிக்யூட்டிவ் என்றால் என்ன, தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றேன். உங்களில் பாதிக்கு மேல் டிகிரி படித்தவர்கள். வந்த தாள்களை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். நான்கு பேர் ‘கண்டினியூவஸ்’ என்று இங்கிலீஷிலேயே எழுதியிருந்தீர்கள். சிலர் ‘வரிசை’ என்று எழுதியிருந்தீர்கள். ஒருவர் ‘கவனமாக’ என்று எழுதியிருந்தார். கன்ஷியஸ் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மீதிப் பேர் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, ‘ஒரு மணிக்கு ஐந்து பீஸ் செக் பண்ண வேண்டும்’ என்று வாக்கியத்தை முடித்திருந்தீர்கள். இது என்ன என்று நான் கேட்டபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர், “ஃப்ளோவுல புரிஞ்சிக்கலாம் சார், பெரிய வித்தியாசம் இல்ல” என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

முதலில் அந்தச் சொல்லை முடித்துவிடுகிறேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் கன்சிக்யூட்டிவ் நாட்கள். திங்கள், புதன், வெள்ளி ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வருகின்றன, ஆனால் நடுவில் நாட்கள் விட்டுப்போயிருக்கின்றன. அவை கன்சிக்யூட்டிவ் அல்ல. ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் அதற்கு ஆல்டர்னேட் என்று வேறு சொல் இருக்கிறது. சீக்வென்ஸ் என்பது ஏதோ ஓர் ஒழுங்கில் வருவது; இரண்டு, நான்கு, ஆறு என்பதும் சீக்வென்ஸ்தான். கண்டினியூவஸ் என்பது இடைவெளியே இல்லாமல் ஓடுவது. குழாயில் தண்ணீர் அப்படி வரும். பீஸ் தனித்தனியாகத்தான் வரும், அது எப்படி கண்டினியூவஸாக வரும்? கன்சிக்யூட்டிவ் என்றால், எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில், நடுவில் ஒன்றைக்கூட விடாமல். இவ்வளவுதான். சொல்வதற்கு அரை நிமிடம் ஆகவில்லை. இந்த அரை நிமிடத்தை ஒரு நாள் நான் செலவழிக்காமல் விட்டதால் ஒருவர் தோள் எலும்பு முறிந்தது, இன்னொருவர் திருடிபோல வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி, இரு சக்கர வண்டிகளுக்கான பிரேக் லீவர் செய்தது. கைப்பிடியில் விரலால் இழுக்கிறோமே, அந்த லீவர். வார்ப்பாக வரும் லீவரில் ஒரு துளை போட வேண்டும். அந்தத் துளையில்தான் லீவர் வண்டியோடு மாட்டப்பட்டு அசையும். துளை பெரிதானாலோ சாய்ந்தாலோ லீவர் ஆடும், சிக்கும். எங்கள் மெஷினுக்கு இரண்டு தலை. இடது தலை ஒரு லீவரில் துளை போடும், அடுத்தது வலது தலை, மறுபடி இடது. முனிராஜு என்பவர் அதன் ஆபரேட்டர். பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். லீவரைக் கழற்றி டிரேயில் வைப்பார். இடது தலையில் செய்தது டிரேயின் ஒரு வரிசையில், வலது தலையில் செய்தது மறு வரிசையில். கைக்கு அது வசதி. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல.

டிரேக்குப் பக்கத்து மேஜையில் நசீமா. லைன் இன்ஸ்பெக்டர். அப்போது முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோவார். துளையின் அளவு பார்க்கும் கேஜை அவர் உள்ளே விட்டுப் பார்க்கிற விதத்திலேயே இவர் ஏமாற்ற மாட்டார் என்று தெரியும். சந்தேகம் என்றால் துடைத்துவிட்டு இரண்டாவது தடவை பார்ப்பார். தாளில் அடித்துத் திருத்த மாட்டார்.

வண்டிக் கம்பெனி எங்களுக்குக் கொடுத்த விதிமுறைத் தாள் இங்கிலீஷில் இருக்கும். அதை மெஷின் பக்கத்தில் தமிழில் எழுதி மாட்டுவது என் வேலை. புது லீவருக்கான தாள் வந்ததற்கு மறுநாளே ஆடிட். பதினெட்டுத் தாள்களைச் சாயங்காலத்துக்குள் தமிழாக்க வேண்டும். நான் போர்டில் எழுதினேனே, அந்த வரி வந்தது. கன்சிக்யூட்டிவுக்குச் சட்டென்று ஒரு தமிழ்ச் சொல் கைக்கு வரவில்லை. ‘தொடர்ச்சியாக’ என்று எழுதி, அடித்தேன். என்னவோ போலிருந்தது. கடைசியில், ‘ஒவ்வொரு மணிக்கும் ஐந்து லீவர்களை எடுத்து கேஜ் போட்டுப் பார்க்கவும்’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். படிக்கச் சுத்தமாக இருந்தது. கஷ்டமான சொல்லை எடுத்துவிட்டால் எந்த வாக்கியமும் படிக்கச் சுத்தமாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஆடிட் பரபரப்பில் நான் ஓடிக்கொண்டிருந்தபோது நசீமா என்னை நிறுத்தினார். தாளைக் காட்டி, எந்த அஞ்சு சார் எடுக்கணும் என்று கேட்டார். முனிராஜு பக்கத்தில் நின்றிருந்தார். நான் நடந்துகொண்டே, “ஏதாவது அஞ்சு எடும்மா” என்றேன்.

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். அந்தக் கம்பெனியில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். அதற்கு நான் கொடுத்த பதில் அது.

அதன் பிறகு அவர் ஒவ்வொரு மணிக்கும் டிரேயில் தனக்குப் பக்கத்தில் இருக்கும் வரிசையிலிருந்து ஐந்து லீவர் எடுத்தார். அந்த வரிசை முழுக்க இடது தலையில் செய்தது. வலது தலையின் லீவர் ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை. நாலைந்து மாதம் இப்படியே போனது. வலது தலையில் ட்ரில்லை நேராகப் பிடித்துக்கொள்ளும் புஷ் மெல்லத் தேய்ந்து, துளை பெரிதாகி, சாயத் தொடங்கியது யாருக்கும் தெரியவில்லை. நசீமாவின் தாளில் எல்லா அளவும் சரியாக இருந்தது. பொய் இல்லை. அவர் அளந்த லீவர்கள் சரியாகத்தான் இருந்தன.

விதிமுறை எழுதியவன் கன்சிக்யூட்டிவ் என்று ஏன் எழுதினான் என்று இப்போது புரிகிறதா? கழற்றுகிற வரிசையில் ஒன்றுகூட விடாமல் ஐந்து எடுத்தால், அதில் குறைந்தது இரண்டு வலது தலையிலிருந்து வந்தே தீரும். அந்த ஒரு சொல்லுக்குள் அவன் இரண்டு தலையையும் காவல் வைத்திருந்தான். நான் காவலை எடுத்துவிட்டு வாக்கியத்தைச் சுத்தமாக்கினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை வண்டிக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவர்கள் வளாகத்துக்குள் புது வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஒருவர், வளைவில் பிரேக் பிடித்தபோது லீவர் சிக்கி, விழுந்துவிட்டார். தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். லீவர் எங்களுடையது. அன்று மாலைக்குள் எங்களிடம் இருந்த லீவர்களைப் பிரித்துப் பார்த்தோம். வலது தலையில் செய்தவையெல்லாம் கேஜில் கடகடவென்று ஆடின. முனிராஜு ஒரு லீவரை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார்.

எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. வலதில் மட்டும் தப்பு என்றதுமே அந்தச் சொல் ஞாபகம் வந்தது. இங்கிலீஷ் தாளை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. தமிழ்த் தாளைப் பார்த்தேன். இல்லை. அடுத்த மாதம் தர நிர்வாகத் தலைவர் ஓய்வு பெறப்போகிறார், அந்த நாற்காலி எனக்கு என்று பேசி முடித்திருந்த நேரம். இரண்டு தாளையும் ஃபைலில் வைத்து மூடினேன்.

செவ்வாய்க்கிழமை வண்டிக் கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். பெங்களூர்க்காரர், கன்னடம் தாய்மொழி. தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. மீட்டிங் அறையில் அவர், எங்கள் பிளான்ட் மேனேஜர், நான். நசீமாவைக் கூப்பிட்டார்கள். அவர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே வந்து நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு எத்தனை எடுத்தீர்கள் என்று இன்ஜினியர் கேட்டார். ஐந்து என்றார் நசீமா. கன்சிக்யூட்டிவா எடுத்தீங்களா என்று கேட்டார். நசீமா என்னைப் பார்த்து, “அப்படின்னா என்னங்க சார்?” என்றார்.

நான் ஃபைலைப் பார்த்தேன். அதில் படிக்க எதுவும் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன்.

மேனேஜருக்கு அவசரம். ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா என்றார். மூன்று ஆண்கள் எதிரில் உட்கார்ந்திருக்க, அர்த்தம் தெரியாத ஒரு சொல்லுக்கு ஆமாவா இல்லையா என்று சொல்லச் சொன்னால் யார்தான் என்ன சொல்வார்கள். இல்லை என்றால் வேலையைச் செய்யவில்லை என்று ஆகிவிடுமோ என்று அவர் பயந்திருக்க வேண்டும். ஆமாங்க என்றார்.

அவர் வெளியே போனதும் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் காட்டினார். கன்சிக்யூட்டிவாக எடுத்தேன் என்கிறார். அப்படி எடுத்திருந்தால் வலது தலை லீவர் ஒவ்வொரு மணியும் வந்திருக்கும், அளவு தப்பாகக் காட்டியிருக்கும். தாளில் எல்லாம் சரி என்று இருக்கிறது. ஆகவே அளக்காமலே அளவு எழுதியிருக்கிறார். பொய்ப் பதிவு. வேலையை விட்டு நீக்க வேண்டும். அவர் சொன்னதில் ஒரு படியும் தப்பில்லை. முதல் படி மட்டும் பொய், அதைத் திருத்தாமல் நிற்க விட்டவன் நான்.

மேனேஜர் போன் பேச வெளியே போனார். இன்ஜினியர், மெஷினில் மாட்டியிருக்கும் தாளைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தி, இதில் கன்சிக்யூட்டிவ் எங்கே இருக்கிறது, ஆதாரத்துக்குப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரிதாக எதுவும் நினைக்கவில்லை. என் விரல் தாளுக்குப் போனது. ‘ஐந்து’ என்ற சொல்லில் வைத்து, இதுதான் என்றேன்.

அவர் சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். கீழே இங்கிலீஷில் கன்சிக்யூட்டிவ் என்று எழுதினார். போட்டோ எடுத்துக்கொண்டு, நன்றி சொன்னார்.

புதன்கிழமை காலை ஹெச்.ஆர். அதிகாரியின் மேஜையில் நசீமா கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் தயாராக இருந்தன. முறையான எழுத்து அறிவுறுத்தல் இருந்தும் பின்பற்றவில்லை, பொய்யாகப் பதிவு செய்தேன் என்று அவரே ஒப்புக்கொள்வதுபோல் எழுதியிருந்தது. பின்னால் அந்தத் தாளின் நகல், சிவப்பு வட்டத்தோடு. சாட்சிக் கையெழுத்துக்கு என்னை உட்கார வைத்திருந்தார்கள். எல்லாரும் பார்க்காமலே போட்டுவிடுவார்கள் என்று ஹெச்.ஆர். அதிகாரிக்கு நம்பிக்கை. நசீமா ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். நகல் வந்தது. வட்டத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டி முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், நேத்து அவர் கேட்டாரே, அந்த வார்த்தைக்கு அஞ்சுன்னுதான் அர்த்தமா?”

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். நேற்றிலிருந்து அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது தாளிலேயே பதில் இருக்கிறது. ஐந்து என்றால், தான் ஐந்துதானே எடுத்தோம், பிறகு எதற்குத் தண்டனை என்று புரியாமல் கேட்டார்.

“இல்லம்மா,” என்றேன். “அந்த வார்த்தை இதுல இல்லவே இல்ல. நான்தான் எழுதாம விட்டுட்டேன்.”

நசீமா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். அழவில்லை. நான் போகலாமா சார் என்று அதிகாரியிடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன், நசீமா எழுந்து போய்விட்டார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்திவிட்டு நிதானமாகத்தான் பேசினார். “அந்தம்மா கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சிரும். நீங்க வாயத் தொறந்தா நம்ம எல்லாத் தாளையும் நோண்டுவாங்க. அந்தம்மாவ வேற கம்பெனில நானே சேத்துவிடறேன், போதுமா?” உண்மையிலேயே சேர்த்துவிட்டிருப்பார். சம்பளம்கூட அதிகமாக வாங்கிக் கொடுத்திருப்பார். யாருக்கும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு போலத் தெரியும். இப்படித்தான் வரும், பார்த்துக்கொள்ளுங்கள். தப்பு செய்யச் சொல்லி யாரும் உங்களை மிரட்ட மாட்டார்கள். எல்லாருக்கும் நல்லது என்று ஒரு வழி காட்டுவார்கள்.

நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மெஷின் ஷாப்புக்குள் நடந்தபோது முனிராஜு நின்றிருந்தார். அந்தம்மா அன்னைக்கு உங்ககிட்ட கேட்டுச்சே சார், நானும் இருந்தேனே என்றார். அவ்வளவுதான். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஞாபகம் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுபோலச் சொன்னார். ஆமாம் அண்ணா, இருந்தீங்க என்றேன். இன்ஜினியர் மெஷின் பக்கத்தில் குனிந்து புஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து, நேற்று விரல் வைத்துக் காட்டினீர்களே என்றார்.

“பொய் சொன்னேன் சார்.”

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கையைத் துணியில் துடைத்தார். பிறகு, மற்றத் தாள்களெல்லாம் யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள் என்றார்.

இரண்டு வாரம் ஆயிற்று. தமிழ் தெரிந்த ஒருவரை அவர்கள் ஆபீசிலிருந்து கூட்டிவந்து, என் தாள்களை ஒவ்வொன்றாக இங்கிலீஷோடு ஒத்துப் பார்த்தார்கள். இன்னொரு மெஷினில் ஆல்டர்னேட் பீஸ் என்று இருந்ததை நான் ‘மாற்று லீவர்’ என்று எழுதியிருந்தேன். ஒன்று விட்டு ஒன்று எடுக்கச் சொன்ன இடத்தில், அந்த லைன் பெண்கள் மாற்று லீவர் என்று ஏதோ தனியாக வரும் என்று எத்தனையோ மாதமாகக் காத்திருந்தார்கள். வராததால் அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் ஓடிக்கொண்டே ஏதாவது சொல்லியிருப்பேன். ‘சப்ஸிக்வென்ட்’, அதாவது அதற்குப் பின் வருவது, என்று இருந்த இடத்தில் நான் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தேன். அந்தத் தாள்களை என் எதிரிலேயே படித்துக் காட்டினார்கள். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவனுக்கு அதைவிட அவமானம் வேண்டாம்.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். நாற்காலி வேறொருவருக்குப் போனது. மேனேஜர் ஓய்வு பெறும்வரை என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. வண்டிக் கம்பெனி ஒரு வருடம் எங்களுக்குப் புது வேலை எதுவும் தரவில்லை. விழுந்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்தார். என்ன சார் தப்பு என்று கேட்டார். நான் விளக்கினேன். பாதியிலேயே அவர், சரி விடுங்க சார் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சொல்லால் விழுந்தாய் என்று எலும்பு உடைந்தவரிடம் விளக்குவது அவ்வளவு சுலபமில்லை. முயன்று பாருங்கள், ஃப்ளோவில் புரிகிறதா என்று.

நசீமாவை வேலைக்குத் திரும்பச் சொல்லி ஹெச்.ஆர். போன் செய்தது. அவர் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு நானும் முனிராஜுவும் கிருஷ்ணகிரிக்குப் போனோம். மெயின் ரோட்டில் அவர் கணவருக்கு டயர் கடை. வீடு அதற்குப் பின்னால். கணவர் எங்களை உட்காரச் சொல்லி டீ வாங்கிவரச் செய்தார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அந்தத் தெருவில் பேச்சு. கணவரின் தம்பி மனைவி அதே கம்பெனி பஸ்ஸில் போகிறவர், செய்தி நசீமாவுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். நசீமா கேட்டுக்கொண்டிருந்தார்.

“எழுதாம விட்டது பரவால்லங்க சார். யாருக்கும் வரும்,” என்றார். “அர்த்தம் என்னன்னு உங்களப் பாத்துக் கேட்டேன். நீங்க பக்கத்தத் திருப்புனீங்க.”

 முனிராஜு டீ டம்ளரைக் கீழே வைத்தார். நசீமாவே மேலே பேசினார். வருவேன், ஆனால் புதுத் தாள் எழுதும்போது நானும் இருப்பேன், எனக்குப் புரிகிறவரைக்கும் இன்ஸ்பெக்டர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சம்மதம் என்றேன். அவர் என்னிடம் கேட்கவில்லை, தன் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

இங்கே நிறுத்தி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிப் பழகும் ரிப்போர்ட்டுகளை உங்கள் மேனேஜர் காட்டினார். பத்தில் எட்டில், காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’, நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘பயிற்சி அளிக்கப்பட்டது’. இதை எழுத இன்ஜினியர் எதற்கு, ரப்பர் ஸ்டாம்பு போதுமே. நசீமா விஷயத்தில் நான் முதலில் எழுதித் தயாராக வைத்திருந்த ரிப்போர்ட்டிலும் அதே இரண்டு வரிதான். கவனக்குறைவு என்று எழுதும் முன், அவர் கையில் இருந்த தாளை நீங்கள் ஒரு முறை படியுங்கள். எழுதியவன் பெயரைப் பாருங்கள். அது உங்கள் பெயராக இருந்தால் இன்னும் நிதானமாகப் படியுங்கள். ஆமாவா இல்லையா என்று யாரையும் கேட்காதீர்கள். எப்படி எடுத்தீர்கள், செய்து காட்டுங்கள் என்று கேளுங்கள். அன்று அந்த மீட்டிங் அறையில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அவர் நேராகப் போய்ப் பக்கத்து வரிசையில் கையை வைத்திருப்பார், விசாரணை அங்கேயே முடிந்திருக்கும்.

நசீமா வந்தார். மெஷின் பக்கத்திலேயே மூவரும் அந்த வரியை எழுத உட்கார்ந்தோம். நான் ‘தொடர்ச்சியாக ஐந்து’ என்று ஆரம்பித்தேன். தொடர்ச்சியாக என்றால் ரெஸ்ட் இல்லாமல் செக் பண்ணச் சொல்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன் என்றார் முனிராஜு. சரி, ‘வரிசையாக ஐந்து’ என்றேன். நசீமா டிரேயைக் காட்டினார். “வரிசையாத்தான சார் எடுத்தேன். இந்த வரிசைல.” அதையும் அடித்தேன். ‘அடுத்தடுத்து’ என்றேன். டிரேயில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதும் அடுத்தடுத்துதான் என்றார் நசீமா. அதுவும் சரி. முனிராஜு, எங்க தெலுங்கில் ஒகதானி தர்வாத்த ஒகட்டி என்போம், ஒன்று முடிந்து இன்னொன்று என்றார். ஆனால் எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்று அதிலும் இல்லை. ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்தான் போட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது என்று எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. சொல்லை விட்டுவிட்டு, என்ன நடக்க வேண்டுமோ அதை எழுதினோம்: ‘மெஷினிலிருந்து கழற்றுகிற வரிசையிலேயே, டிரேயில் வைப்பதற்கு முன், நடுவில் ஒன்றைக்கூட விடாமல், ஐந்து லீவர் எடுக்கவும்.’

நன்றாக இருக்கிறது, கையெழுத்துப் போடலாமா என்றேன். நசீமா போடவில்லை. அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்து, தலைக்குப் போட்ட தொப்பியைக்கூடச் சரியாக மாட்டத் தெரியாமல் நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். பாரூர்ப் பக்கத்துப் பெண். தாளைக் கையில் கொடுத்து, இதில் எழுதியிருக்கிறதைச் செய் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் விளக்க வாயைத் திறந்தபோது, கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

அந்தப் பெண் ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். டிரேயைப் பார்த்தாள், அதை விட்டுவிட்டு மெஷின் பக்கம் போய் நின்றாள். முனிராஜு லீவரைக் கழற்றக் கழற்ற அவள் கை நீண்டது. இடது. வலது. இடது. வலது. இடது. ஐந்தையும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, சரிதானாக்கா என்று கேட்டாள்.

நசீமா என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.